மூன்று புரோப்புக்கு ஒரு ஜெனரேட்டரா, மூன்றா?

கிளிநொச்சிப் பக்கம் பிளாஸ்டிக் வெல்டிங்குக்கோ முருங்கையிலைச் சாறு எடுக்கவோ அல்ட்ராசோனிக் இயந்திரம் வாங்க நினைக்கிற ஆக்கள் முதல் கேட்பது இதைத்தான்: "அண்ணை, ஒரு ஜெனரேட்டரிலயே மூண்டு புரோப்பையும் கொழுவேலாதோ?" புரோப் என்றால் அதிர்ந்து வேலை செய்யும் தலை; ஜெனரேட்டர் என்றால் இங்கே டீசல் மெஷின் இல்லை, கரண்டை உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றிப் புரோப்பை அதிரவைக்கும் பெட்டி. கொழுவலாம். எப்படிக் கொழுவுகிறோம் என்பதில்தான் கரைச்சல்.

மூன்றையும் சமாந்தரமாக இணைப்பதைக் கேட்கவே வேண்டாம். பெட்டியில் 20 கிலோஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் ஒரு புரோப்பின் பரிவு, அதாவது அது இயல்பாகவே பலமாக அதிரும் அதிர்வெண், 19.92 இல் இருக்கும், பக்கத்துப் புரோப்பினது 19.98 இல். புரோப்பின் முன்பகுதியான டைட்டேனியக் கொம்பின் பரிவு ஊசிமுனை மாதிரி ஒடுங்கியது. ஜெனரேட்டர் ஒன்றைப் பிடித்தால் மற்றது பட்டினி. கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) கூடுவதால், புரோப்புக்கு ஏற்றபடி ஜெனரேட்டருக்கு உள்ளேயிருக்கும் பொருத்தச் சுருளின் கணக்குப் பிழைக்கும். கழுவுகிற தொட்டியின் அடியில் ஒரு டசின் டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை அதிர்வாக்கும் உறுப்பு) இப்படித்தான் ஓடுகிறது என்று விற்பவர் காட்டக்கூடும். தொட்டியும் தண்ணீரும் சுமையாவதால் அவற்றின் பரிவு அகன்றிருக்கிறது. புரோப்பின் கதை வேறு.

மிச்சம் இரண்டு வழி. முதலாவது, ஒரு ஜெனரேட்டரும், அதை ஒவ்வொரு புரோப்புக்கும் மாற்றிவிடும் மின்சுவிட்சுகள் கொண்ட ரிலேப் பெட்டியும்: புரோப்கள் முறைவைத்து ஓடும். வெல்டிங்குக்கு இதுதான் சரி. ஒரு வெல்டிங்குக்கு அநேகமாக ஒரு செக்கன்கூட ஆகாது, ஆகவே மூன்று புரோப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதில் பெரிய இழப்பில்லை. ஆனால் ரிலே மாறும் ஒழுங்கில் கவனம் வேண்டும். முதலில் ஜெனரேட்டர் நிற்க வேண்டும், புரோப்பின் அதிர்வு அடங்க வேண்டும், பிறகு ரிலே மாற வேண்டும், அதற்குப் பிறகுதான் திரும்பத் தொடக்கம். ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றினால், சில நூறு வோல்ட்டைத் தாண்டும் அழுத்தத்தில் தொடுமுனை தீப்பொறி விட்டு ஒட்டிப்போகும். இயந்திரத்தை ஆளும் சிறு கணினியான பிஎல்சியின் நிரலில் மட்டும் இந்தப் பூட்டை வைக்காமல் வயரிங்கிலும் வைப்பது நல்லது.

இன்னொன்று. முறை வராத புரோப் சும்மா கிடக்கும்போதும் அதற்குள் மின்னேற்றம் சேரும். புரோப்பை அதிரவைக்கும் பீசோ வில்லை சூடேறி ஆறினாலே போதும். தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெயிலில் இது கூடுதலாகவே நடக்கும். ஒவ்வொரு புரோப்புக்கும் குறுக்கே அந்த மின்னேற்றத்தை வடியவிடும் தடை (வடிதடை) ஒன்று இல்லையென்றால் கேபிளைக் கழற்றுகிறவர் கையில் அடி வாங்குவார். ஒவ்வொரு புரோப்பினது அதிர்வெண்ணையும் தனித்தனியாக ஞாபகம் வைக்கிற ஜெனரேட்டரா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் அது அதிர்வெண்ணைத் தேடி அலையும்.

சாறு எடுக்க, எண்ணெய் கலக்க என்று புரோப் தொடர்ச்சியாக ஓட வேண்டிய வேலைக்கு முறைவைப்பது உதவாது. மூன்று புரோப் வாங்கி ஒன்றின் வேலையைத்தான் எடுப்பீர்கள். அங்கே புரோப்புக்கு ஒரு ஜெனரேட்டர்தான். சூட்டில் பரிவு கீழே இறங்கும், முனை தேயத் தேய மேலே ஏறும்; அவரவர் ஜெனரேட்டர் அவரவர் புரோப்பைப் பின்தொடரும். விலை கூடத்தான். ஆனால் புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ ஒரு ஜெனரேட்டர் பழுதானால் திருத்தக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம், போய்த் திரும்பும் வரைக்கும் மற்ற இரண்டும் ஓடும். ரிலேப் பெட்டி வழியில் ஒரே பெட்டி போனால் தொழிற்சாலையே நிற்கும். என் வாக்கு புரோப்புக்கு ஒரு ஜெனரேட்டர் என்ற வழிக்குத்தான். வெல்டிங்காரரும் ஒரு உதிரி ஜெனரேட்டரை வாங்கிவைத்தால் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

மூன்று ஜெனரேட்டரையும் ஒரே இடத்திலிருந்து ஆள ஆர்எஸ்-485 என்ற தொடர்பு இணைப்பு போதும். முறுக்கிய இணைவயர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகப் போக வேண்டும், நட்சத்திரமாகப் பிரியக் கூடாது. 120 ஓம் தடை இரு கடைசியிலும் மட்டும். புதுப் பெட்டிகள் பெரும்பாலும் எல்லாமே முகவரி 1 (அந்த வயரில் பெட்டியை அடையாளம் காட்டும் எண்) என்றுதான் வரும், ஆகவே ஒவ்வொன்றாகக் கொழுவி முகவரியை மாற்றிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கரண்ட் போய் டீசல் மின்பிறப்பாக்கியில் ஓடும் நாட்களில் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடக்க வேண்டாம். சில செக்கன் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி பிஎல்சியில் எழுதிவிடலாம்.