டைப் 1 சர்க்கரைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு: 5-க்கு 4

மகளுக்கு டைப் 1 (உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் சர்க்கரை நோய்) என்று தெரிந்த வாரமே ஒரு தோழி இதில் சேர்த்துவிட்டாள். டாக்டரிடம் கிடைக்காதது இங்கே என்ன கிடைத்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் டாக்டர் தருவது பத்து நிமிடம், சந்தேகம் வருவதோ ராத்திரி இரண்டு மணிக்கு. ஒருநாள் ரத்தச் சர்க்கரை மீட்டர் 58 காட்டுகிறது, பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது (எனக்கு). 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இதெல்லாம் எனக்கும் தெரியும்தான். கொடுத்துவிட்டுக் குழுவில் போட்டேன். "நானும் முழிச்சுத்தான் இருக்கேன் அக்கா, 15 நிமிஷம் ஆனதும் பார்த்துச் சொல்லுங்க" என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கரண்ட் போனால் இன்சுலினை மண்பானையில் வைப்பது, பள்ளியில் ஊசி போட ஒரு மூலை கேட்டு வாங்குவது எல்லாம் இங்கே கற்றதுதான். காலை வணக்கப் படங்கள் தொல்லை, சரி, போகட்டும். அப்புறம் ஒருவர் பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசியையே நிறுத்தலாம் என்று கிளம்பினார். டைப் 1-க்கு ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதை நீக்க அட்மினுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது, அந்த ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போனது.