கணுக்காலில் பேடு ஒட்டவா, இடுப்பில் கருவி பதிக்கவா?

பனையிலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டு ஆறு வருஷம் ஆகிறது. சக்கர நாற்காலி பழகிவிட்டது. மூத்திரப் பைதான் பழகவில்லை. டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, சொல்லாமல் கொள்ளாமல் ஒழுகும். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக மாற்று வேட்டி இரண்டு வேண்டும். மாத்திரை ஒழுக்கைக் குறைத்தது, கூடவே மலத்தையும் இறுக்கியது. அப்போதுதான் மின்சாரத்தால் நரம்பைத் தூண்டும் சிகிச்சை பற்றிய பேச்சு வந்தது.

லண்டனில் பிரிண்ட்லி என்ற ஆய்வாளர் 1970களில் உருவாக்கிய, உடலுக்குள் பதிக்கும் கருவியை முதலிலேயே ஒதுக்கினேன். வெளியே ஒரு பெட்டியை வைத்து ஸ்விட்ச் போட்டால் மூத்திரப் பை சுருங்கிக் காலியாகும், மலம் போகவும் உதவும். ஆனால் அதற்காகப் பின்பக்க நரம்பு வேர்களை வெட்டுவார்கள். கொஞ்சநஞ்சம் இருக்கும் உணர்ச்சியும் தானாக வரும் விறைப்பும் போய்விடும். எனக்கு அந்தக் கொஞ்சநஞ்சம் இருக்கிறது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, முதுகெலும்பு முடியும் தட்டை எலும்பின் மூன்றாவது துளை வழியே நரம்போரம் கம்பி வைத்து, பிட்டத்தின் மேல்பக்கம் தோலுக்கடியில் பேட்டரிக் கருவி பதிப்பது. இன்னொன்று, கணுக்காலின் உள்பக்கம் பசையுள்ள பேடு ஒட்டி, தோல் வழியே நரம்பைத் தூண்டும் டென்ஸ் மெஷினில் மின்சாரம் கொடுப்பது. காலுக்கும் மூத்திரப் பைக்கும் என்ன சம்பந்தம் என்று மதினி சிரித்தாள். அந்தக் கால் நரம்பின் வேர்களில் சில, மூத்திரப் பையையும் மலக்குடலையும் ஆளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பதிக்கும் கருவிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: முதலில் தற்காலிகக் கம்பியோடு சோதித்து, தொல்லை பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். தினமும் ஞாபகம் வைக்கவும் வேண்டாம்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. சார்ஜ் ஏற்ற முடியாத வகையென்றால் சில வருஷத்தில் பேட்டரிக்காக மறுபடி ஆபரேஷன். கம்பி நகர்ந்தால் வைத்தவரிடமே போக வேண்டும். ஆய்க்குடியில் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே தண்டுவடம் அடிபட்டவர். அதனால் எங்கள் பக்கம் மறுவாழ்வுக்குப் போய் நிற்க ஓர் இடம் உண்டு. இந்தக் கருவியின் கம்பிக்கு? “அண்ணாச்சி, மக்கர் பண்ணினா யாருட்ட கொண்டு காட்ட?” என்று நண்பன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிடப் பெரிய பயம், உணர்ச்சி குறைந்த தோலுக்கடியில், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது உரசுகிற பக்கத்தில் ஒரு மேடு. படுக்கைப்புண்ணால் மூன்று மாதம் குப்புறக் கிடந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. பழைய கருவிகளோடு முதுகு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் முடியாது, புதியவற்றில் நிபந்தனையோடு எடுக்கலாம்.

டென்ஸ் மெஷின் கெட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்டு, பிசியோ காட்டிக்கொடுத்தபடி 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட் வைத்து, கால் பெருவிரல் லேசாகத் துடிக்கும்வரை ஏற்றி, அரை மணி நேரம் விடுகிறேன். வெயில் காலத்தில் பேடின் பசை சீக்கிரம் போய்விடும், அதுதான் செலவு. சூடு தெரியாத கால் என்பதால் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பலன் தெரிய ஒன்றரை மாதம் ஆனது. இப்போது மூன்று மணி நேரம் தாங்குகிறது. டியூப் போடுவது நிற்கவில்லை, நாளைக்கு ஐந்து முறை போடுகிறேன். ஒழுகாததால் மூத்திரப் பைக்குள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அழுத்தம் இல்லை என்று அர்த்தமுமில்லை. சிறுநீரக ஸ்கேனை வருஷா வருஷம் எடுத்துவிடுகிறேன். இரண்டு வாரம் பேடு ஒட்டாமல் விட்டேன், பழையபடி ஆகிவிட்டது. மலம் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முன்பைவிடச் சுலபம்தான், ஆனால் அதே சமயத்தில் காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்காரவும் பழகினேன். எது வேலை செய்ததோ!

கழுத்தில் அடிபட்டுக் கை ஓடாதவருக்குக் கணக்கு வேறு. தினமும் பேடு ஒட்ட இன்னோர் ஆள் வேண்டும். கருவி வைக்கும் டாக்டர் பக்கத்திலேயே இருந்தால், அப்படிப்பட்டவர் அந்தத் தற்காலிகக் கம்பிச் சோதனையைச் செய்து பார்க்கலாம். எனக்குக் கை ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிச் செய்தி தொடங்கும்போது ஒட்டுவேன், முடியும்போது கழற்றுவேன்.