ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு எந்த இங்கிலீஷ்?

தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை பஸ்ஸில் போனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. 'சரியான இங்கிலீஷ்' சொல்லித்தருகிறார்களாம். எது சரி என்று கேட்டால்தான் இழுவை.

முதலில் பிரிட்டிஷா, அமெரிக்கனா என்ற பழைய சண்டை. பிரெஞ்சு மொழிக்கு 1635-லிருந்து ஓர் அகாடமி உண்டு. இங்கிலீஷுக்கு அப்படி ஒரு அமைப்பே கிடையாது. லண்டனில் ஜான்சன் 1755-ல் ஓர் அகராதி போட்டார், அமெரிக்காவில் வெப்ஸ்டர் 1828-ல் இன்னொன்று போட்டார், ஸ்பெல்லிங் பிரிந்தது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வில் இரண்டு ஸ்பெல்லிங்கும் செல்லும், கலக்காமல் எழுதினால் நல்லது. இதற்குமேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. தேதியில் மட்டும் ஜாக்கிரதை. 04/05 என்று போட்டால் நமக்கு மே நான்கு, அமெரிக்கருக்கு ஏப்ரல் ஐந்து. சரக்கு பேப்பரில் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது நம்ம ஆபீஸ் இங்கிலீஷ். கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தரும் ராஜாஜி சாலை கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் ஓடுவது இதுதான். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யவும்) என்றால் சிரிக்கிறவர்கள் உண்டு. அது வெள்ளைக்காரர்களே ஒரு காலத்தில் எழுதிய நடை. அங்கே வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது, அவ்வளவுதான். 'பிரிபோன்' (தேதியை முன்னால் தள்ளுவது) ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. மணலி யார்டுக்கோ டெல்லிக்கோ எழுத இதைவிடச் சரியான இங்கிலீஷ் இல்லை என்பது என் கட்சி. சிக்கல், கடிதம் கடல் தாண்டும்போதுதான். 'ரேட்டுக்கு ரிவர்ட் பண்ணுகிறோம்' என்றால் நமக்குப் பதில் சொல்வது. வெளிநாட்டுக்காரர் பழைய ரேட்டுக்கே திரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். லட்சம், கோடி கணக்கும் அங்கே புரியாது. 5 லட்சம் என்பதை 500 ஆயிரம் என்றுதான் எழுத வேண்டும்.

மூன்றாவதைப் பற்றி நம் ஏரியாவிலேயே அதிகம் பேர் பேசுவதில்லை, வாசலில் துறைமுகத்தை வைத்துக்கொண்டு! கப்பல் ரேடியோ இங்கிலீஷைச் சொல்கிறேன். உலகக் கப்பல்களுக்கென்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் நிலையான வாக்கியங்களை ஏற்றுக்கொண்டது. கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் அறையில் பொறுப்பில் நிற்கும் அதிகாரி அவற்றைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். இதில் அழகுக்கு இடமே இல்லை. 'மே' (may) என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்: அனுமதி கேட்கிறாரா, நடக்கலாம் என்கிறாரா என்று குழம்பும். அனுமதி வேண்டுமென்றால் முதலில் 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு, 'எனக்கு அனுமதி உண்டா' என்று நேராகக் கேட்க வேண்டும். நூற்றைம்பதை ஒன்று, ஐந்து, பூஜ்யம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனிலேயே பிறந்த கேப்டனும் தன் நடையை மூட்டை கட்டி வைக்க வேண்டிய இடம் இது.

விமானத்துறை இந்தப் பாடத்தை ரத்தம் கொடுத்துப் படித்தது. 1977-ல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பல காரணங்களில் ஒன்று பேச்சுக் குழப்பம். ஒரு விமானத்திலிருந்து 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்றார்கள். ஓடுபாதையில் தயாராக நிற்கிறார்கள் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் எடுத்துக்கொண்டது. விமானமோ ஓட ஆரம்பித்திருந்தது. அதற்கப்புறம், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக்-ஆஃப்' என்ற சொல்லே வரக்கூடாது என்று ஆக்கினார்கள். ஒரே சரியான இங்கிலீஷ் என்று ஒன்று இருக்கிறதென்றால், என் கணக்கில் அது இந்த ரேடியோவில் மட்டும்தான்.

ஆகவே மெரைன் படிக்கப்போகும் பையனுக்கு மூன்றாவது கட்டாயம். ஏற்றுமதி ஆபீஸுக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டாவது நன்றாகத் தெரிய வேண்டும், வெளிநாட்டுக் கடிதத்தில் எதை மாற்றுவது என்பதும் தெரிய வேண்டும். லண்டன் உச்சரிப்புக்குத் தனி பீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் உச்சரிப்பு என்று வரும்போது முக்கியமாகப் பார்ப்பது பேச்சு புரிகிறதா என்பதைத்தான். தமிழ் வாடை குற்றமில்லை. எந்த இங்கிலீஷ் வகுப்பில் சேருவதற்கு முன்னாலும், வாரம் ஒரு கடிதம் எழுதினால் திருத்தித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.