வயசான ஹவுண்டைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? மூக்கு நாயா, கண் நாயா?

"குட்டியா, வயசானதா?" என்ற கேள்வியோடுதான் பலரும் காப்பகத்துக்குள் நுழைகிறார்கள். அதற்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது: மோப்பத்தால் வேட்டையாடுகிற ஹவுண்டா, பார்வையால் வேட்டையாடுகிற ஹவுண்டா? பீகிள், பாசெட், பிளட்ஹவுண்ட் முதல் வகை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி, சிப்பிப்பாறை இரண்டாம் வகை. கூண்டில் தொங்கும் அட்டையில் இரண்டுக்கும் "ஹவுண்ட் கலப்பு, வயது 9" என்றே எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டும் ஒரே சாதியா என்று சந்தேகம் வரும்.

முதலில் அந்த ஒரு பத்தி. வயசான நாயிடம் நீங்கள் பார்ப்பதுதான் கிடைப்பது. உயரம், எடை, பூனையைக் கண்டால் பாயுமா, குழந்தையைக் கண்டால் ஒதுங்குமா என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயங்கள். குட்டியிடம் அத்தனையும் சீட்டுக்குலுக்கல். வயசானதென்றால் செருப்பு தப்பும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டாம். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது காலம். பீகிள் சாதாரணமாக 12 முதல் 15 வருஷம் இருக்கும், கிரேஹவுண்ட் 10 முதல் 13. பிளட்ஹவுண்ட் 10-ஐத் தொடுவதே பெரிய காரியம். ஆகவே 9 வயது பீகிளையும் 9 வயது பிளட்ஹவுண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இவ்வளவுதான். மனசு கேட்டால் வயசானதை எடுங்கள், கேட்காவிட்டால் குட்டி.

இன்னொன்று, அட்டையில் இருக்கும் வயது பெரும்பாலும் ஊகம். பல் தேய்மானத்தையும் காறையையும் பார்த்துச் சொல்வது. கண்மணிக்குள் மெல்லிய நீலப் புகை படர்ந்திருந்தால் 7-ஐத் தாண்டியாயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் கண்புரை அல்ல. லென்ஸ் வயதால் இறுகுவதால் வருவது, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. அதைப் பார்த்துக் குருட்டு நாய் என்று நினைத்து அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடாதீர்கள்.

மூக்கு

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் பீகிள் கலப்பு. அட்டையில் 9 வயது. பல்லைப் பார்த்த மருத்துவர் "பதினொன்றுக்குக் குறையாது" என்றார். வீட்டில் பெயர் "கிழவர்". காது ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் காலையில் கிளம்பினால் தெருமுனைக் கம்பத்தடியில் முழுசாக நாலு நிமிடம். மூக்கை ஒட்டவைத்து, கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், பழைய கிரயப் பத்திரத்தை வாசிக்கிற வக்கீல் மாதிரி. கூப்பிட்டால் திரும்பமாட்டார். காது போனதால் என்று நினைத்தோம். காது நன்றாக இருந்த காலத்திலும் திரும்பியிருக்கமாட்டார் என்று பிறகு புரிந்தது.

நாய்க்கு வயசாகும்போது கண்ணும் காதும் முதலில் தளரும், மூக்கு பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் மோப்ப ஹவுண்டுக்கு ஓய்வு வயது கிடையாது. முட்டிதான் ஓய்வு கேட்கும். 12 வயதிலும் அதை மகிழ்விக்கப் பழைய துண்டு ஒன்று போதும்: நாலைந்து பிஸ்கட் துணுக்குகளை உள்ளே போட்டுச் சுருட்டித் தரையில் வையுங்கள், கால் மணி நேரம் போவதே தெரியாது. ஒரு மூட்டும் நோகாது.

அதே மூக்குதான் வில்லங்கமும். குப்பைக்கூடை, தொங்கும் பை, விருந்தாளியின் பெட்டி எதுவும் தப்பாது. பீகிளும் பாசெட்டும் காற்றைக் குடித்தே பெருக்கிற ஜாதி. நீண்ட முதுகுக்கும் தேய்ந்த மூட்டுக்கும் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் தண்டனை. விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். தேடவேண்டியிருந்தால் தட்டைக் குறையுங்கள், அந்தக் கண்களைப் பார்க்காமல்.

அடுத்தது குரல். இதைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. தூரத்தில் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஊளை. காப்பகத்தில் வாயே திறக்கவில்லையே என்று நம்பி ஏமாறாதீர்கள். காப்பகக்காரர்கள் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் பழக்கம், 3 மாதத்தில் சுயரூபம். கிழவர் பத்தொன்பதாம் நாள் வாயைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

கண்

கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டரை நெருங்கி ஓடக்கூடியது. அதைக் கேட்டதுமே "அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். விஷயம் நேர்மாறு. அதன் ஓட்டம் பட்டாசு மாதிரி, சில நொடி வெடித்து முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் தூக்கம். குரைப்பது அபூர்வம். சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு மூக்கு நாயை விட இது ஆயிரம் மடங்கு தேவலை.

ஆனால் அணிலோ பூனையோ கண்ணில் பட்டால் முதல் ஐந்து நொடிக்கு அதற்கு வயசே இல்லை. ஆறாவது நொடியில்தான் இடுப்பு ஞாபகப்படுத்தும், அதற்குள் அது சாலையைக் கடந்திருக்கும். ஆகவே வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடும் பேச்சே வேண்டாம். சாதாரணக் கழுத்துப்பட்டையும் உதவாது. தலை குறுகல், கழுத்து தடிமன். பின்னால் ஒரு எட்டு வைத்தால் பட்டை உங்கள் கையில், நாய் தெருவில். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகுகிற அகலமான மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்.

உடம்பில் கொழுப்பு சொற்பம், தோல் காகிதம் மாதிரி. வெறுந்தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். தடித்த மெத்தை கட்டாயம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்ததாக இருந்தால் மாடிப்படியையும் கண்ணாடிக் கதவையும் பார்த்தே இருக்காது. கதவில் அதன் கண் உயரத்துக்கு நாலு காகிதம் ஒட்டிவையுங்கள். சில கிரேஹவுண்டுகள் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும், கெட்ட குணத்தால் அல்ல. பெயர் சொல்லி எழுப்ப வேண்டும்; காது கேட்காவிட்டால் தரையைத் தட்டி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மருத்துவரின் மேசை

இங்கேதான் இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன, பலரும் கவனிக்காத இடமும் இதுதான். கிரேஹவுண்டின் ரத்த அறிக்கை மற்ற நாய்களின் அளவுகோலுக்கு அடங்காது. சிவப்பணு அதிகமாக இருக்கும், தட்டணு குறைவாக இருக்கும், தைராய்டு ஹார்மோனான டி4-ம் குறைவாக இருக்கும். அதற்கு அதுவே இயல்பு. தெரியாத கையில் மாட்டினால் ஆயுள் முழுக்கத் தேவையில்லாத தைராய்டு மாத்திரைதான். பீகிளுக்குக் கதை வேறு; அங்கே டி4 குறைந்து, எடை கூடி, முடியும் கொட்டினால் தைராய்டு உண்மையிலேயே படுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மயக்க மருந்திலும் அப்படித்தான். தயோபென்டால் போன்ற பழைய வகை மருந்து கிரேஹவுண்டின் உடம்பை விட்டு வெளியேற நெடுநேரம் பிடிக்கும். சொத்தைப் பல்லும் ஈறு நோயும் அந்த இனத்தில் சகஜம் என்பதால் மயக்கம் கொடுக்கும் நாள் கட்டாயம் வரும்; முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வயசான கிரேஹவுண்ட் நொண்டினால் "சுளுக்காக இருக்கும்" என்று வாரக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. எலும்புப் புற்று அதிகம் தாக்கும் இனம், சீக்கிரமே எக்ஸ்ரே எடுப்பது நல்லது. பீகிளும் பாசெட்டும் தருவது வேறு பட்டியல்: தொங்கு காதுக்குள் ஓயாத அழற்சி, முதுகுத்தட்டு விலகல், பீகிளுக்குச் சில நேரம் வலிப்பு. காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் வேலை இருக்கிறது.

எதுவானாலும், உங்கள் மருந்துப் பெட்டியிலிருக்கும் ஐபுபுரோஃபெனைக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகத்தையும் குடலையும் ஒருசேரக் கெடுக்கும்.

என் ஓட்டு மூக்கு நாய்க்கு. முதுமை வந்தால் கண் நாயின் தொழில் போய்விடுகிறது. அது அமைதியாகப் படுத்துக்கொள்கிறது, பார்க்க அழகு, ஆனால் எனக்கு அந்த அமைதி கொஞ்சம் கனக்கிறது. மூக்கு நாய்க்குத் தினமும் காலையில் போக ஒரு ஆபீஸ் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோடுபவர் என்றால் என் ஓட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், கிரேஹவுண்டே சரி. பயணம் அதிகம் போகிறவர், அல்லது மருத்துவச் செலவைத் தனியாகத் தாங்க முடியாதவர் நிரந்தரமாக எடுக்காமல் தற்காலிகப் பராமரிப்பாளராகச் சேர்ந்துகொள்ளலாம். பல காப்பகங்கள் அப்போது சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்கும்.

பார்க்கப் போகும் நாளில் இரண்டு நாயையும் வெளியே நடத்திப் பாருங்கள், கூண்டுக்குள் பார்த்தது பாதிகூட இல்லை. படுத்திருப்பது எப்படி எழுகிறது என்று கவனியுங்கள்: முன்கால் எழுந்து பின்கால் யோசித்தால் மூட்டு வலி இருக்கிறது. அதோடு, கூண்டு கழுவும் ஊழியரிடம் "ராத்திரி தூங்குகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் மூலையை வெறித்துக்கொண்டு நடந்தால் அது மூளை மங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வரவேற்பு மேசையில் இருப்பவர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், அவருக்கு அது தெரியாது.