கோல சிலாங்கூர் ஸ்கை மிரர் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. கோலாலம்பூரிலிருந்து காடியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் நம்மில் நிறையப் பேர் கோல சிலாங்கூருக்குத்தான் கிளம்புவோம். "ஸ்கை மிரர், கழுகு, கடல் உணவு, மின்மினி, நீலக் கண்ணீர், எல்லாம் ஒரே நாளில், நீங்கள் சொல்லும் தேதியில்" என்று முகநூலில் யாராவது விளம்பரம் போட்டால் தயவுசெய்து உடனே பணம் கட்டிவிடாதீர்கள். ஸ்கை மிரர் என்பது கடல் நீர் நன்றாக வற்றினால் மட்டும் வெளியே தெரியும் மணல்திட்டு; நீங்கள் சொல்லும் தேதிக்கு அந்தக் கடல் இறங்காது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டே விற்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான் விற்றார்கள்.

ஈப்போவிலிருந்து அத்தை குடும்பம் வந்திருந்தது. அத்தை பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போய் மின்மினி பார்த்த கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். பேசியவர் நம் ஆள்தான். சனிக்கிழமை வரலாமா, அன்றைக்கு ஸ்கை மிரர் தெரியுமா என்று எழுத்திலேயே கேட்டேன். "தெரியும்க்கா, கேரண்டி. எங்க ஆளுங்க தினமும் போறாங்க" என்று பதில் வந்தது. பெரியவர்களுக்கு 190 ரிங்கிட், பிள்ளைகளுக்கு 150. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஒரு தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வளர்பிறை அஷ்டமி. இந்த ஒரு தகவலே அந்தப் பயணத்தின் கதையை முழுக்கச் சொல்லிவிடும்.

ஸ்கை மிரர் திட்டு சசாரான் கரைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கிறது. படகில் அரை மணி நேரம் போக வேண்டும். நீர் நன்றாக இறங்கும்போது அந்தத் திட்டு வெளியே வந்து, அதன்மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் தங்கும். காற்று அடங்கியிருந்தால் வானம் அப்படியே அதில் விழும். மாதத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில்தான் நீர் அவ்வளவு தூரம் இறங்கும். சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் வரும் நாட்கள் அவை. இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சந்திரன் ஒரு பக்கம் இழுக்க, சூரியன் அதற்குக் குறுக்கே இழுக்கும். நீர் அரைகுறையாக ஏறி, அரைகுறையாக இறங்கும். திட்டு தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். நம் வீடுகளில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி குறிக்காத நாள்காட்டி ஏது?

படகில் ஏறும்போதே மனசு சரியில்லை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குத் தோதான உயிர்காப்புச் சட்டை ஒன்றுகூட இல்லை. பெரியவர்களுக்கானதைத் தூக்கி என் அண்ணன் மகனுக்கு மாட்டிவிட்டு, கொக்கி உடைந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் கூட வந்தவர். அது மலாக்கா நீரிணை. ஏழு வயதுப் பையன் தண்ணீரில் விழுந்தால் அந்தச் சட்டை மேலே உருவிக்கொண்டு போய்விடும், பையன் கீழே போவான். நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் பக்கத்துப் படகிலிருந்து ஒரு சின்னச் சட்டையை வாங்கி வந்து போட்டார்கள்.

போய் நின்ற இடத்தில் திட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தொடை வரைக்கும் கலங்கிய தண்ணீர், அதில் அலை. "இறங்குங்க, இதுதான்" என்றார்கள். அத்தைக்கு முட்டி வலி, இறங்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. கூட வந்தவர் ஒரு கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, அதன் கறுப்புத் திரையை இன்னொரு கைப்பேசியின் கேமராவுக்குக் கீழே ஒட்டி வைத்துப் படம் எடுத்தார். திரையில் வானம் தலைகீழாக விழுந்தது. படத்தில் பார்த்தால் நாங்கள் கண்ணாடி மேல் நிற்பதுபோலவே இருந்தது. அந்தப் படத்தைத் தங்கள் பக்கத்திலும் போட்டார்கள். அதைப் பார்த்து அடுத்த குடும்பம் பணம் கட்டும். நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் முகவரை அழைத்தேன். "அது நேச்சர் லா அக்கா. கடவுள் கையில இருக்கு, நாங்க என்ன பண்றது" என்றார்.

மழை வந்தால் அது இயற்கை, நானும் ஒப்புக்கொள்வேன். காற்று வீசி நீர் கலங்கினால் அதுவும் இயற்கைதான். ஆனால் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட கணக்கு. நம் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகிறது. போர்ட் கிள்ளானுக்கான கணக்கை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று எல்லாமே இருக்கும். இங்கே ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம்; நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கடலில் தினமும் படகு விடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. நேர்மையாகத் தொழில் செய்கிற நிறுவனங்கள் மாதத்தில் போகக்கூடிய நாட்களை மட்டும் பட்டியலாகப் போடுகின்றன, மற்ற நாட்களுக்குப் பணம் வாங்குவதில்லை. எங்களிடம் விற்றவர் தெரியாமல் விற்கவில்லை.

மதியச் சாப்பாடு பாசிர் பெனாம்பாங் பக்கம். சாப்பாட்டில் குறையில்லை. கழுகுக்குத் தீனி போடும் காட்சியும் நடந்தது. கோழித்தோலை வாளி வாளியாக ஆற்றில் கொட்டுகிறார்கள், செம்பருந்துகள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. மீனும் நண்டும் தேடித் தின்னும் பறவையை இப்படிப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலையில் இன்னும் மோசம். மின்மினி பார்க்க, கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பான் படகு என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. அங்கே ஒரு படகில் நான்கு பேர்தான், மோட்டார் கிடையாது, சத்தமில்லாமல் மரத்தடிக்குக் கொண்டுபோவார்கள். எங்களைக் கூட்டிப்போனது வேறொரு தனியார் படகுத்துறைக்கு. பெரிய மோட்டார் படகு, புகை, சத்தம். வளர்பிறை அஷ்டமி நிலா உச்சியில் நின்றதால் இருட்டே இல்லை. பெரெம்பாங் மரத்தில் மின்மினிகள் இருந்தன, ஆனால் நிலா வெளிச்சத்தில் மங்கித் தெரிந்தன. கிட்டே காட்டுகிறேன் என்று படகுக்காரர் முனையை நேராக மரத்துக்குள்ளேயே விட்டார். கிளை முறிந்தது. ஆட்கள் கைப்பேசி விளக்கைப் போட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. ஒருவர் மின்மினியைப் பிடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்து மூடச் சொன்னார்.

கடல் உப்பும் ஆற்று நன்னீரும் கலக்கிற இடத்தில்தான் பெரெம்பாங் மரம் செழித்து வளரும். சிலாங்கூர் ஆற்றில் ஏற்றத்தோடு உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதை வைத்துத்தான் அந்த மரம் எங்கே நிற்கும், மின்மினி எங்கே இருக்கும் என்பதெல்லாம். புழுப் பருவத்தில் கரைச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்ந்து, பிறகு மரத்துக்கு வருகிறது மின்மினி. ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைவது பெண் பூச்சிகளை அழைக்கத்தான். அங்கே விளக்கடித்தால் அந்த அழைப்பு கெட்டுவிடும். கரையை வெட்டினால் புழுவுக்கு இடமில்லை. செம்பனைத் தோட்டம் கரை வரை வந்துவிட்ட ஆறு அது. மிச்சமிருக்கும் மரங்களில் படகை மோதுகிறவர்களுக்கு என் பணம் போனதே என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. "நான் பார்த்தப்ப மரமே எரியிற மாதிரி இருந்துச்சும்மா" என்றார் அத்தை. பேரப்பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள்.

நீலக் கண்ணீர் என்று சொல்லித் துடுப்பால் தண்ணீரை நான்கு முறை தட்டினார்கள். ஒன்றும் தெரியவில்லை. நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அசைந்தால் மின்னும், உண்மைதான், ஆனால் அதைப் பார்க்க நல்ல இருட்டு வேண்டும். அந்த நிலவில் எப்படித் தெரியும்?

ஆக, தேதி பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கை மிரரும் மின்மினியும் ஒரே நாளில் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள்: பகலில் நீர் இறங்கும், இரவில் இருட்டு இருக்கும். பௌர்ணமியில் திட்டு கிடைக்கும், மின்மினி மங்கும். தேய்பிறை அஷ்டமி என்றால் நிலா நள்ளிரவுக்கு மேல்தான் எழும், மின்மினிக்கு நல்லது, ஸ்கை மிரருக்கு ஆகாது. வளர்பிறை அஷ்டமியில் இரண்டுமே இல்லை.

மின்மினிக்கு முகவரே தேவையில்லை. கம்போங் குவாந்தானுக்கு நேராகப் போய் முகப்பில் பணம் கட்டலாம். புக்கிட் மலாவத்தி குன்றுக்கும் யாரும் தேவையில்லை. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட கோட்டை அது. பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. வெள்ளிமுடி லோத்தோங் குரங்குகள் ஆரஞ்சு நிறக் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைய நாளில் பிள்ளைகள் சிரித்த இடம் அது ஒன்றுதான். அடிவாரத்தில் இருக்கும் இயற்கைப் பூங்காவில் சதுப்புக்காட்டுக்குள் நடக்கலாம்.

ஸ்கை மிரருக்கு மட்டும் படகு வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணையும் கேளுங்கள். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி பயண நிறுவனத்துக்கு உரிமம் கட்டாயம். எண்ணை வாங்கி அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் விட்டுவிடுங்கள். அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உடனே சொல்வார். பிள்ளைகளின் எடையைச் சொல்லி, அதற்கேற்ற உயிர்காப்புச் சட்டை உண்டா என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது அது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. எங்களுக்கு இப்போது இருக்கும் சிக்கல், எதிர்த்தரப்பின் பதிவுப் பெயரும் முகவரியும்தான். கையில் இருப்பது ஒரு கைப்பேசி எண், ஒரு வங்கிக் கணக்குப் பெயர். உரிம எண்ணை முதலில் கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம், படகின் படம் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தை அவர்கள் நீக்கிவிடுவார்கள், இன்றே திரையைப் படம் பிடித்து வையுங்கள்.