பபிள் ராப் வாங்குமுன் பீரோவைத் திறந்து பாருங்கள்

வீடு மாற்றும்போது உடையக்கூடிய சாமானைச் சுற்றிக் கட்ட பழைய பருத்தி வேட்டிக்குத்தான் முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் வீடு மாற்றியபோது சென்னையிலிருந்து கோவைக்குச் சுமார் 500 கிலோமீட்டர் லாரியில் சாமான் போனது. பேக்கிங்குக்கு மட்டும் தனியாகக் கேட்ட தொகை அநியாயமாகப் பட்டதால், லாரியும் ஏற்றி இறக்க ஆட்களும் போதும் என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருந்ததை வைத்தே முக்கால்வாசியைக் கட்டினோம். எது தாங்கும், எதை நம்பக்கூடாது என்று சொல்கிறேன்.

கொலு வைக்கிற வீடுகளுக்கு வேட்டி புதிதல்ல. நவராத்திரி முடிந்ததும் மண் பொம்மைகளை நைந்த வேட்டியில் சுற்றித்தானே டிரங்குப் பெட்டியில் வைப்போம்! துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி, பொம்மையின் மூக்கு, விரல், கிரீடம் என்று எல்லா மேடுபள்ளத்திலும் படிந்து உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது. நீட்டிய கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில் முதலில் துணியைச் செருகிவிட்டு அப்புறம் முழுதாகச் சுற்றுங்கள், முறிவது அங்கேதான். பாலியஸ்டர் புடவை மட்டும் வேண்டாம், எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் வண்டி குலுங்கக் குலுங்க நழுவி அவிழும். சாயம் போகிற துணியும் ஆகாது.

அடுத்தது அண்டா. அண்டா, தவலை, குக்கர் எல்லாம் எப்படியும் லாரியில் இடத்தை அடைக்கப் போகின்றன, அவற்றைக் காலியாக அனுப்புவானேன்? அடியில் துண்டை மடித்துப் போட்டு, பீங்கான் ஊறுகாய் ஜாடிகளை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் தலையணை உறையையும் சாக்ஸையும் திணித்தோம். ஜாடியின் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மேலே துணியால் வேடு கட்டியதில், பாதி ஊறுகாய் இருந்த ஜாடிகூட எண்ணெய் சிந்தாமல் வந்து சேர்ந்தது. ஆனால் இந்த அண்டாவைக் கவிழ்க்கக் கூடாது என்று ஏற்றுகிறவரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும், மேலே எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. பீங்கான் தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், நடுநடுவே கைத்துண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

செய்தித்தாளுக்குப் பாதி மார்க்தான் தருவேன். கசக்கிப் போட்டால் அட்டைப்பெட்டியின் காலி இடத்தை நன்றாக அடைக்கும், அந்த வேலைக்கு அதைவிட மலிவாக எதுவும் இல்லை. ஆனால் வெள்ளைப் பீங்கானில் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும், புது வீட்டில் போய் அத்தனையையும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். உள்ளே ஒரு சுற்றுத் துணி, வெளியே தாள் என்றால் சரி.

புத்தகத்தைக் கட்டைப்பையில் போடாதீர்கள், பிடி அறுந்துவிடும். சக்கரம் வைத்த சூட்கேஸ்தான் அதற்கு. உடுப்புகளெல்லாம் பாத்திரத்தைச் சுற்றப் போய்விடுவதால் சூட்கேஸ் காலியாகத்தான் இருக்கும். கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியாகச் சாக்கில் கட்டுங்கள். அரிவாள்மனையின் வெட்டும் பக்கத்துக்கு அட்டையை மடித்து வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிடுங்கள், இறக்குகிறவர்களும் மனிதர்கள்தானே.

மர பீரோவுக்கும் மேஜைக்கும் பவானி ஜமக்காளத்தைப் போட்டுக் கட்டினோம். கெட்டி நெசவு, உரசல் உள்ளே இறங்கவே இல்லை. பாலிஷ் போட்ட மரத்தில் டேப்பை நேராக ஒட்டினால் பிரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும், அதனால் ஜமக்காளத்தைச் சுற்றிக் கயிறு போடுவதே நல்லது.

இதில் ஒரு தொந்தரவும் உண்டு. துணியில் சுற்றிய எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரி மூட்டைதான். பால் காய்ச்சுகிற பாத்திரம் எதில் இருக்கிறது என்று முதல் நாளே தேட வேண்டிவரும், ஒவ்வொன்றின் மேலும் சீட்டு எழுதிச் செருகுங்கள். துணி நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முடை நாற்றம்.

டிவிக்கும் கண்ணாடி மேஜைப் பலகைக்கும் மட்டும் போர்வையை நம்ப மாட்டேன். துணி மடிப்பு ஒரே இடத்தில் அழுத்தினால் திரை விரிசல் விடலாம். டிவி வாங்கிய பெட்டி தெர்மகோலோடு பரணில் இருந்தால் அதில் வைத்து நிமிர்த்தியே அனுப்புங்கள், இல்லையென்றால் இந்த இரண்டுக்கு மட்டும் பபிள் ராப்பும் கெட்டி அட்டையும் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.