ஆபரேஷன் முடிந்தது, அப்புறம் யார் பார்ப்பது?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சிகிச்சையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஊருக்குப் போய் இறங்கியபோது அவளால் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியவில்லை. "அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த கை, பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று வலது கையை மடியிலேயே வைத்திருந்தாள். தோள் இறுகி, கை காதுவரைகூட எழவில்லை.

நான் இருக்கும் நாட்டில் என் தோழிக்கு இதே ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்புமுன்பே தெரபிஸ்ட் கட்டிலருகே வந்து பயிற்சிகளைச் செய்துகாட்டி, தாளையும் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டோக்கன், ஃபைல், "மதியத்துக்கு மேல வாங்க" எல்லாம் உங்களுக்கே தெரியும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து "கிளியர்" என்றார். கையைப் பற்றிக் கேட்டேன். "போகப் போகச் சரியாயிடும்." கவுன்டரில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சை) எங்கே என்று கேட்டால், "அது பக்கவாதத்துக்கும்மா, கேன்சருக்குக் கிடையாது" என்கிறார்கள். எத்தனை பேரிடம் கேட்டாலும் அதே பதில். கடைசியில் வழி காட்டியது வார்டு ஆயாம்மா: "கீழ்த்தளத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கும், அதைப் பாருங்க."

சின்ன வயதுப் பெண், அவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஃபைலைத் திறக்கவே இல்லை. "காலையில எழுந்ததுல இருந்து எந்த வேலையைச் செய்ய முடியாம மனசு கஷ்டப்படுதும்மா?" என்றுதான் ஆரம்பித்தார். "தலை பின்னணும்" என்று சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டாள். அத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

இரண்டு கைகளையும் டேப்பால் பல இடங்களில் அளந்தார். லேசான வீக்கம், நெறிக்கட்டி எடுத்த கையில் நிணநீர் (திசுக்களில் இருந்து வடியும் திரவம்) தேங்கியதால். முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைச் சாய்த்து, நீளப் பிடி வைத்த சீப்பால் வாரக் காட்டினார். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. பாரமே தூக்கக் கூடாது என்பது பழைய பயம்; மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஆய்வு வந்துவிட்டது என்றார். பத்து வருஷத்துக்கு மேலான செய்தி, அக்காவுக்கு எட்டவில்லை!

தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, விரல் மரத்துச் சட்டைப் பொத்தான் போட முடியாதது, சொன்னது மறந்துபோவது எல்லாமே சிகிச்சையின் பின்விளைவாக இருக்கலாம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சோம்பேறியாகிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். களைத்துப் போகுமுன்பே ஓய்வெடுப்பது, முக்கியமான வேலையைத் தெம்பு இருக்கும் நேரத்தில் உட்கார்ந்தே செய்வது, மரத்த விரலால் வெந்நீரைச் சோதிக்காமல் இருப்பது, நினைவுக்கு ஒரு நோட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

சிகிச்சை முடித்தவர்களுக்காக வாரம் ஒரு வகுப்பும் நடத்துகிறாராம். வருகிறவர்கள் மிகக் குறைவு. மாடியில் யாரும் எழுதி அனுப்புவதில்லையே! டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகள் வேளை வாரியாக இருக்கின்றன, தெரபிக்கு ஒரு வரி கிடையாது. அங்கே கேட்காமலே கிடைத்தது, இங்கே அதே கட்டடத்தில் இருந்தும் ஒரு வருஷம் வீணாகிவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சை முடித்திருந்தால், மோதிரமோ சட்டைக் கையோ இறுகுகிறதா, கை கனக்கிறதா என்று கேளுங்கள். வீக்கம் வருஷங்கள் கழித்தும் வரலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. டாக்டர் எழுதாவிட்டால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.